பொம்மை வண்டிகளில் காந்தம்: கொள்முதலுக்கு முன் அறிய வேண்டியவை

பொம்மைச் சரக்கு கையாளும் நம் சங்க அங்கத்தினர்களுக்குச் சில ஆண்டுகளாகவே ஒரு கேள்வி வாடிக்கையாகிவிட்டது. "இந்த வண்டியில் காந்தம் இருக்கிறதா?" என்று குழந்தை கேட்டால், இருக்க வேண்டும் என்ற ஆசையில் கேட்கிறது. அதையே தாயார் கேட்டால், இருந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில் கேட்கிறார். இருவருக்கும் கடைக்காரர் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அதெல்லாம் பயமில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்." சில வண்டிகளுக்கு இந்தப் பதில் சரி. வேறு சில வண்டிகளுக்கு இது உயிரோடு விளையாடும் பதில். எதற்கு எது என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால், காந்தம் வண்டியில் எந்த இடத்தில், என்ன வேலைக்காக, எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சரக்கு அட்டையின் மேல் இதை யாரும் விவரமாக அச்சடிப்பதில்லை. ஆகவே நாம் அறிந்தவரையில் இங்கே விளக்குகிறோம்.

காந்தம் கண்ணுக்குத் தெரியும்படி வேலை செய்வது ரயில் வண்டிகளில்தான். மரத்தாலான சிறு ரயில் பெட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்து, பள்ளம் தோண்டிய மரத் தண்டவாளத்தில் ஓட்டும் பொம்மையை நம்மில் பலரும் விற்றிருப்போம். இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஸ்வீடன் நாட்டில் 1884ல் தொடங்கிய பிரியோ நிறுவனம். அதன் மர ரயில் 1958ல் சந்தைக்கு வந்தது. ஆரம்பத்தில் பெட்டிகளை இணைக்கக் கொக்கியும் வளையமுமே இருந்தன. காந்தம் பின்னால் வந்தது. இந்த மாற்றத்தில் வெறும் அழகு மட்டும் இல்லை. இரண்டு வயதுக் குழந்தையின் விரல்களுக்குக் கொக்கியை வளையத்தில் மாட்டும் பக்குவம் இராது. காந்தமென்றால் பக்கத்தில் கொண்டுபோனாலே போதும், தானாக ஒட்டிக்கொள்ளும். தண்டவாளத்தை விட்டு வண்டி கவிழ்ந்தாலும் கொக்கியைப் போல வளைந்து ஒடியாமல், பெட்டிகள் தாமாகப் பிரிந்துவிடும்.

ஆனால் காந்தத்துக்கு இரண்டு முனை உண்டு. வட முனையும் தென் முனையும் ஒட்டும். ஒரே முனைகள் இரண்டு சேர்ந்தால் தள்ளும். எனவே வண்டி செய்பவர் எல்லாப் பெட்டிகளிலும் முன்பக்கம் வட முனை என்றால் பின்பக்கம் தென் முனை என்று ஒரே ஒழுங்கில் வைத்தாக வேண்டும். அப்படி வைத்துவிட்டால் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் ஒரே திசையில் கோத்துக்கொண்டே போகலாம். ஒரு பெட்டியைத் திருப்பி வைத்தால் மட்டும் அது விலகி ஓடும். "புதிதாக வாங்கிய பெட்டி ஒட்டவில்லை, காந்தம் செத்துவிட்டது" என்று திருப்பிக் கொடுக்க வருபவர்களில் பாதிப்பேரின் குறை இவ்வளவுதான். பெட்டியைத் திருப்பி வைத்துக் காட்டினால் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள்.

வேறொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு கம்பெனி முன்பக்கம் வட முனை வைக்கிறது. இன்னொரு கம்பெனி முன்பக்கம் தென் முனை வைக்கிறது என்று கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால், இரண்டாவது கம்பெனியின் பெட்டிகளைத் திருப்பி வைத்தால்தான் ஒட்டும். சாதாரணப் பெட்டிக்கு முன் பின் கிடையாது என்பதால் தெரியாது. இன்ஜினுக்கு முகம் இருக்கிறதே, அது பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு ஓடும். தனிப் பெட்டிகளை வேறு வேறு இடத்தில் கொள்முதல் செய்கிறவர்கள், பழைய சரக்கிலிருந்து ஒரு பெட்டியைக் கையில் எடுத்துப்போய் ஒட்டிப் பார்த்து வாங்குவது நலம்.

இந்தத் தொல்லையைத் தீர்க்கத் தயாரிப்பாளர்கள் இரண்டு வழி கண்டார்கள். ஒரு முனையில் காந்தத்தையும் மறு முனையில் வெறும் இரும்புத் தட்டையும் வைப்பது ஒன்று. இரும்பு எந்த முனையோடும் ஒட்டும், தள்ளவே தள்ளாது, விலையும் குறைவு. மற்றது, காந்தத்தைச் சிறு பிளாஸ்டிக் கூட்டுக்குள் தளர்வாகப் போட்டு, அது தானே புரண்டு பொருத்தமான முனையைக் காட்டும்படி விடுவது. இதில் பெட்டியை எப்படி வைத்தாலும் ஒட்டும். தாயாருக்கும் பிள்ளைக்கும் திருப்தி. செலவு மட்டும் சற்று அதிகம்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத காந்தம். பேட்டரியில் ஓடும் கார் எதுவானாலும் அதன் வயிற்றில் ஒரு மோட்டார் இருக்கும். அந்தத் தகர டப்பியைப் பிரித்தால், உட்சுவரை ஒட்டிப் பிறை வடிவில் இரண்டு கறுப்புக் காந்தங்கள் தெரியும். நடுவில் செம்புக் கம்பி சுற்றிய மூன்று கைகள் உள்ள சுழலி. கம்பியில் மின்சாரம் பாயும்போது அதுவும் ஒரு காந்தமாகிறது. வெளியே உள்ள காந்தங்கள் அதை இழுத்தும் தள்ளியும் சுற்ற வைக்கின்றன. சுழலி ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் மின்சாரத்தின் திசையை மாற்றிக் கொடுப்பது பிரஷ் உரசும் கம்யூட்டேட்டர். ஜப்பானில் 1954ல் தொடங்கிய மபுச்சி நிறுவனம் இந்தச் சிறு மோட்டாரைப் பொம்மைகளுக்கென்றே ஏராளமாகச் செய்து உலகெங்கும் பரப்பியது. கார் மெதுவாகப் போகிறது என்று புகார் வந்தால் காந்தம் வலுவிழந்ததாக எண்ண வேண்டாம். பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது அச்சில் தலைமுடி சுற்றியிருக்கும். மூன்றாவதுதான் அதிகம்.

மலிவான சிறிய ரிமோட் கார்களில் முன் சக்கரத்தைத் திருப்புவதும் காந்தமே. சக்கரங்களை இணைக்கும் சட்டத்தில் ஒரு பொட்டுக் காந்தம், அதன் பக்கத்தில் ஒரு கம்பிச் சுருள். மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் இடப்பக்கம், மறு திசையில் பாய்ந்தால் வலப்பக்கம். பல் சக்கரம் கிடையாது, ஆகவே உடைவதும் குறைவு.

தண்டவாளப் பள்ளத்தில் மின்சாரம் எடுத்து ஓடும் பந்தயக் கார்களில் காந்தத்துக்கு வேறு உத்தியோகம். இங்கிலாந்தில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் 1957ல் தொடங்கிய இவ்வகைக் கார்கள் வளைவில் வேகம் எடுத்தால் வெளியே பறந்துவிடும். 1970களின் நடுவில் அமெரிக்காவின் அரோரா கம்பெனி, காந்தத்தின் இழுப்பு பாதையிலுள்ள இரும்புப் பட்டைகளைப் பற்றிக்கொள்ளும்படி கார்களை அமைத்தது. காருக்கு எடை கூடாமலேயே தரையோடு அழுத்தம் கூடியது. வளைவில் பறப்பது குறைந்தது. நம் ஊரில் இதற்கு அவ்வளவு வியாபாரமில்லை.

எங்களைக் கேட்டால், காந்தத்தை மிகச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தியவர்கள் ஜெர்மனியின் ஃபாலர் நிறுவனத்தார் என்போம். 1989ல் அவர்கள் கொண்டுவந்த கார் சிஸ்டத்தில் விரல் நீளப் பஸ்களும் லாரிகளும் மாதிரித் தெருக்களில் தாமாகவே ஓடும். கம்பியோ பள்ளமோ கண்ணுக்குத் தெரியாது. சாலைப் பூச்சுக்கு அடியில் ஓர் இரும்புக் கம்பி புதைத்திருக்கிறது. பஸ்ஸின் முன் அச்சோடு இணைந்த சிறு காந்தம் அந்தக் கம்பியை மோப்பம் பிடித்ததுபோலத் தொடர்ந்துபோகும். அது திரும்பும் பக்கம் சக்கரமும் திரும்பும். நிறுத்தத்தில் பஸ் நிற்க வேண்டுமானால் தரைக்கடியில் உள்ள மின்காந்தத்தை இயக்குகிறார்கள். அது பஸ்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிக்குழல் சுவிட்சைத் திறந்து மோட்டாரை நிறுத்திவிடுகிறது. 2001ல் திறந்த ஹாம்பர்க் நகரத்து மாதிரி உலகக் காட்சியில் நூற்றுக்கணக்கான வண்டிகள் இதே தத்துவத்தில் ஓடுகின்றன.

இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டு மேலே போகிறோம். சுவரில் ஏறும் காரைக் "காந்தக் கார்" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அது காந்தமல்ல. அடியில் உள்ள விசிறி காற்றை உறிஞ்சி வண்டியைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறது. சொரசொரப்பான சுவரில் காற்று புகுந்து விழுந்துவிடும் என்பதை வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிட்டால் வம்பில்லை. மற்றொன்று, டை காஸ்ட் கார்கள். "காந்தம் ஒட்டவில்லையே, உலோகம் என்று சொல்லிப் பிளாஸ்டிக்கைக் கொடுத்துவிட்டீர்கள்" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அந்தக் கார்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. துத்தநாகத்தில் காந்தம் ஒட்டாது. சக்கரத்தை இணைக்கும் இரும்பு அச்சில் மட்டுமே ஒட்டும். காந்தக் கிரேனும் டை காஸ்ட் காரும் சேர்த்து ஜோடியாக விற்க நினைப்பவர்கள், காரின் கூரையில் இரும்புத் தகடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. மேலே சொன்ன வேலைகளுக்கெல்லாம் நெடுங்காலம் பயன்பட்டது கறுப்புக் காந்தம், அதாவது ஃபெரைட். 1950களின் தொடக்கத்தில் ஹாலந்தின் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவானது. இரும்புத் துருவையும் பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் உப்பையும் கலந்து மண்பாண்டம்போலச் சுட்டு எடுப்பது. விலை மலிவு, துருப்பிடிக்காது, ஆனால் கீழே விழுந்தால் ஓடுபோல உடையும். இழுப்பு மிதமானது. பிறகு 1980களின் முற்பாதியில் ஜப்பானில் சுமிதோமோ ஸ்பெஷல் மெட்டல்ஸ் நிறுவனத்தில் மசாதோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸாரும் தனித்தனியே நியோடிமியம் காந்தத்தைக் கண்டார்கள். நிக்கல் பூசி வெள்ளிபோல மின்னும். அதே அளவுள்ள கறுப்புக் காந்தத்தோடு ஒப்பிட்டால் இதில் அடங்கிய சக்தி ஏறத்தாழ பத்து மடங்கு. தொடக்கத்தில் விலை எட்டாததாக இருந்தது. சீனாவில் உற்பத்தி பெருகியபின் விலை இறங்கிப் பொம்மைக்குள் புகுந்துவிட்டது.

பொம்மை செய்பவருக்கு இது பெரிய வசதி. கட்டைவிரல் அகலக் கறுப்புக் காந்தம் செய்த வேலையை மிளகு அளவு வெள்ளைக் காந்தம் செய்துவிடுகிறது. வண்டி சிறுக்கிறது, எடை குறைகிறது, வடிவத்தை இஷ்டப்படி அமைக்கலாம். ஆனால் மிளகு அளவு என்பது குழந்தை விழுங்கும் அளவு.

ஒரு காந்தத்தை விழுங்கினால் பெரும்பாலும் அது மலத்தோடு வெளியேறிவிடும். இரண்டை விழுங்கினால்தான் எமன். ஒன்று முன்னே, ஒன்று பின்னே குடலில் இறங்கும்போது, மடிந்து கிடக்கும் குடலின் வெவ்வேறு சுற்றுகளில் இருந்துகொண்டு அவை ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் குடற்சுவர் மாட்டி நசுங்கும். ரத்த ஓட்டம் நின்று அந்த இடம் அழுகி ஓட்டை விழும்; வயிறு முழுதும் சீழ் பிடிக்கும். ஒரு காந்தமும் ஓர் இரும்புக் குண்டும் சேர்ந்தாலும் இதே கதிதான். தொடக்கத்தில் வெறும் வாந்தியும் வயிற்றுவலியுமாகத் தெரிவதால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். எக்ஸ்ரேயில் இரண்டு காந்தம் ஒட்டி ஒன்றுபோலத் தெரிவதும் உண்டு.

இது கற்பனைப் பயம் அல்ல. 2005 நவம்பரில் அமெரிக்காவில் இரண்டு வயது நிரம்பாத ஒரு குழந்தை இப்படி இறந்தது. மேக்னெட்டிக்ஸ் என்ற கட்டுமானப் பொம்மையின் பிளாஸ்டிக் துண்டிலிருந்து கழன்று விழுந்த காந்தங்களே காரணம். 2006 மார்ச்சில் அந்தச் சரக்கில் 38 லட்சம் செட்டுகளைத் திரும்பப் பெற அறிவிப்பு வந்தது. 2007 ஆகஸ்டில் மேட்டல் நிறுவனம் கழன்று விழக்கூடிய காந்தங்களுக்காக உலகெங்கும் சுமார் 1 கோடியே 80 லட்சம் பொம்மைகளைத் திரும்பக் கேட்டது. அன்றைய அறிவிப்பிலேயே சார்ஜ் என்ற ஜீப் வண்டிப் பொம்மையும் இருந்தது. ஆனால் அதற்குக் காரணம் காந்தமல்ல, பெயின்டில் இருந்த ஈயம். உலகப் பெயர்பெற்ற கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், பெயரில்லாத அட்டைப் பெட்டியில் வரும் சரக்கை நாம் எவ்வளவு கவனிக்க வேண்டும்!

இவ்விபத்துகளுக்குப் பின் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காந்தப் பொம்மைக்கு விதிகள் இறுகின. அந்த விதியின் அடிப்படையை நம் அங்கத்தினர்கள் புரிந்துகொள்ளலாம், பெரிய கணக்கு ஒன்றுமில்லை. இரண்டு கேள்விகள். முதல் கேள்வி, காந்தமோ காந்தம் உள்ள துண்டோ விழுங்கும் அளவில் இருக்கிறதா? இதற்கு 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள, அடி சாய்ந்த ஒரு உருளைக் குழல் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதும் அடங்கினால் விழுங்கும் அளவு. முன்பெல்லாம் கேமரா பிலிம் ரோல் வரும் டப்பா ஏறத்தாழ இந்த அகலம் இருந்தது. இரண்டாவது கேள்வி, காந்தத்தின் வலு எவ்வளவு? காந்த முனையின் மேல்பரப்பில் எத்தனை கிலோகாஸ் என்று மீட்டரால் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, முனையின் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் எடுத்து அதோடு பெருக்க வேண்டும். விடை 50 அல்லது அதற்கு மேல் வந்தால் அது ஆபத்தான காந்தம்.

உதாரணமாக, 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள கறுப்புப் பொட்டுக் காந்தம் ஒன்று 0.8 கிலோகாஸ் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 0.8ஐ 0.8ஆல் பெருக்கினால் 0.64. பரப்பு சுமார் 50. விடை 32. தப்பியது. 5 மில்லிமீட்டரே விட்டமுள்ள வெள்ளைக் காந்தம் 3.5 கிலோகாஸ் காட்டினால்? 3.5ஐ 3.5ஆல் பெருக்க 12.25, பரப்பு சுமார் 19.6; விடை 240. எல்லையைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆகிவிட்டது. அளவில் சிறியது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. கறுப்பு என்றாலே பயமில்லை என்றும் இருந்துவிடக் கூடாது. 12 மில்லிமீட்டர் விட்டத்தில் 1 கிலோகாஸ் காட்டும் கறுப்புக் காந்தத்துக்கு விடை 113 வரும்; அதுவும் குழலுக்குள் அடங்கும் அளவுதான்.

ஆபத்தான காந்தம் பொம்மையில் இருக்கவே கூடாது என்று விதி சொல்லவில்லை. தனியாகவோ, சிறு துண்டில் பதித்தோ கொடுக்கக் கூடாது. பெரிய பொம்மைக்குள் இருந்தால், குழந்தை போட்டு உடைத்தாலும் பிய்த்தாலும் வெளியே வரக் கூடாது என்கிறது. அதற்காகக் கீழே போட்டும், முறுக்கியும், ஏறத்தாழ 7 கிலோ எடை தொங்கினால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு விசையில் இழுத்தும் சோதிக்கிறார்கள். மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் விளையாடும் பொருளல்ல என்பதால் அதற்கு விலக்கு உண்டு. ஆகவே பேட்டரிக் காரைப் பற்றிக் கேட்கும் தாயாருக்குத் தைரியமாகப் பதில் சொல்லலாம். மோட்டாரை உடைத்துப் போட்டுவைக்க வேண்டாம் என்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் இதற்குரிய தர நிர்ணயம் ஐ.எஸ். 9873 முதல் பகுதி. இது உலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 8124ஐ ஒட்டியது. மின்சாரப் பொம்மைக்கு ஐ.எஸ். 15644. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 1-1-2021 முதல் அமலுக்கு வந்தது. 14 வயதுக்குட்பட்டவர் விளையாடும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கும் விலக்கில்லை. கைவினைஞராகப் பதிவு பெற்றவர் செய்யும் பொருளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற சென்னப்பட்டணா மரப்பொம்மை போன்றவற்றை அதற்குரிய பதிவு பெற்றவர் செய்து தருவதற்கும் பின்னர் விலக்கு அளித்தார்கள். ஆனால் ஒன்று: சட்டம் தயாரிப்பாளரோடு நிற்கவில்லை. முத்திரையில்லாத சரக்கை விற்பவர், சேமித்து வைப்பவர், விற்பனைக்காகக் காட்சியில் அடுக்குபவர் எல்லோரையும் அது தொடும். 2016ல் நிறைவேறிய இந்தியத் தர நிர்ணயச் சட்டம் முதல் தடவைக்கே குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம் என்று எழுதி வைத்தது. முத்திரையின் கீழ் உள்ள சி.எம்./எல். எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் போட்டால், யாருக்குக் கொடுத்த லைசென்ஸ் என்று உடனே தெரிந்துவிடும். அட்டையில் முத்திரை அச்சடிப்பது எளிது. எண் பொய்யாக இருந்தால் அங்கேயே சாயம் வெளுத்துவிடும்.

முத்திரை இருந்தாலும் கையால் பார்த்து வாங்குவதே மொத்த வியாபாரிக்கு அழகு. மர ரயிலில் காந்தம் வளைய வடிவில் இருந்து, நடுத்துளை வழியே ஆணியோ ரிவெட்டோ மரத்துக்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பசையால் ஒட்டியிருந்தால் வேண்டாம். மரம் மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். பசை எத்தனை நாள் தாங்கும்? வாயில் வைத்துச் சப்பும் பிள்ளைகளின் எச்சிலும் அதில் சேரும். பிளாஸ்டிக் வண்டியானால் காந்தத்தின் மேல் மூடி இருக்கிறதா, அந்த மூடி நகத்தால் நெம்பினால் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பலமான காந்தத்தை எங்கள் கல்லாவிலேயே வைத்திருக்கிறோம். சாம்பிள் வண்டியின் காந்தத்தோடு அதை ஒட்டி இருபது தடவை வெடுக்கென்று இழுப்போம். மேஜை உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் பத்துத் தடவை போடுவோம். இது சோதனைச்சாலைக்கு ஈடாகாது. ஆனால் இதிலேயே கழன்றுவிடும் சரக்கு அங்கே நிற்காது என்பது உறுதி.

இப்போது நன்றாக ஓடும் சரக்கு, காந்தச் சில்லுகளால் கட்டும் செட்டுகள். சதுரமும் முக்கோணமுமான பிளாஸ்டிக் சில்லுகளின் ஓரங்களில் காந்தம் இருக்கும். சக்கரம் பூட்டிய அடித்தட்டின் மேல் அவற்றை நிறுத்திக் காராகவும் லாரியாகவும் கட்டலாம். பல செட்டுகளில் ஓரக் காந்தம் உருளையாக இருந்து தன் அறைக்குள் சுழலும். அதனால்தான் எந்தச் சில்லும் எந்தச் சில்லையும் தள்ளாமல் ஒட்டுகிறது. குலுக்கினால் கடகடவென்று சத்தம் வருவதும் அதனால்தான். உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவருபவருக்கு இதை விளக்கினால் போதும். ஆனால் சில்லின் ஓரத் தையல் விரிந்திருந்தால் சமாதானம் சொல்லாமல் உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல சில்லில் இரு பாதிகளையும் உருக்கி ஒட்டி, மூலைகளில் உலோக ரிவெட்டும் அடித்திருப்பார்கள். மலிவுச் செட்டில் ரிவெட் இராது. கட்டைவிரல்களால் அழுத்தினால் ஓரம் வாய் திறக்கும். அதற்குள் இருப்பது வெள்ளைக் காந்தம், ஒரு செட்டில் நூற்றுக்கணக்கில்.

சாம்பிளுக்கும் வந்த சரக்குக்கும் வித்தியாசம் வருவது நம் தொழிலில் புதிதல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் வெளியூர் சப்ளையர் காட்டிய மர ரயில் சாம்பிளில் ஆணியடித்த கறுப்பு வளையக் காந்தம் இருந்தது. லாரியில் வந்து இறங்கிய பெட்டிகளைப் பிரித்தால் குழியில் பசை வைத்து ஒட்டிய வெள்ளைப் பொட்டுக் காந்தம். "இன்னும் உயர்ந்த காந்தம் போட்டிருக்கிறோம், நன்றாக இழுக்குமே" என்றார் சப்ளையர். முழு லோடையும் திருப்பி அனுப்பினோம். போக வர வாடகை எங்கள் தலையில் விழுந்தது. தீபாவளி விற்பனையும் போயிற்று. அதன் பிறகு ஆர்டர் எழுதும்போதே காந்தத்தின் வகை, அளவு, பொருத்தும் முறை மூன்றையும் தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட சாம்பிள் ஒன்றை சீல் வைத்து எடுத்துக்கொள்கிறோம். சங்க அங்கத்தினர்களும் இதைக் கடைப்பிடிக்கலாம்; தகராறு வந்தால் சங்கத்தில் பேசவும் கையில் ஆதாரம் இருக்கும்.

கோடவுனில் வைப்பதைப் பற்றிச் சிறிது. கறுப்புக் காந்தம் எந்த ஈரத்தையும் தாங்கும். வெள்ளைக் காந்தம் நிக்கல் பூச்சில் கீறல் விழுந்தால் கடலோர ஊர்களில் விரைவில் துருவேறிப் பொருபொருவென்று உதிரும். அப்படி ஊதிப் பெருத்த காந்தம் தன் குழியை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பழைய இருப்பை எடுத்து விற்குமுன் பெட்டிக்கு ஒன்றாவது பிரித்துப் பாருங்கள். பழைய வகை ஏ.டி.எம். கார்டுகளின் கறுப்புப் பட்டையைக் காந்தச் சரக்கின் அருகில் வைக்க வேண்டாம். இருதயத்தில் பேஸ்மேக்கர் கருவி வைத்துள்ள ஊழியர் இருந்தால் வெள்ளைக் காந்த மூட்டையை அவர் மார்போடு அணைத்துத் தூக்கக் கூடாது.

பெற்றோர் யாராவது பதறிக்கொண்டு வந்து, வண்டியில் இருந்த காந்தத்தைக் காணவில்லை, குழந்தை விழுங்கியிருக்குமோ என்று கேட்டால், வாழைப்பழம் கொடுங்கள், வந்துவிடும் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம், சாப்பிடக் கொடுக்கவும் வேண்டாம். எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பி வசதியும் உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்புங்கள். அதேபோன்ற வண்டி ஒன்றைக் கடையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தனுப்புங்கள். விழுங்கியது என்ன அளவு, ஒன்றா இரண்டா, வெள்ளையா கறுப்பா என்பது டாக்டருக்கு அதைப் பார்த்தால் தெரியும். வயிற்றிலேயே இருக்கும்போது குழாய் விட்டு எடுத்துவிடலாம். குடலுக்குள் இறங்கிவிட்டால் கத்தி வைக்க வேண்டிவரும்.

கழன்றுபோன ரயில் பெட்டிக்குக் காந்தம் மட்டும் தனியாகக் கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். எங்கள் கடையில் தனிக் காந்தம் கொடுப்பதில்லை. பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, ஆணியடித்து மறுபடி பொருத்தி மறுநாள் தருகிறோம். பொருத்த முடியாத பெட்டியானால் காந்தத்தைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி கொக்கியும் வளையமும் போட்டுக் கொடுக்கிறோம். இதற்குக் கூலி வாங்குவதில்லை.